கானாடுகாத்தான் வீட்டு முகப்புக்கு ஒரு லென்ஸ்

செட்டிநாட்டு வீடுகளை 4×5 அங்குல ஃபிலிமில் எடுக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. கேமரா கையில் இருந்தது, பழைய மோனோரெயில் வகை, முன்பலகையும் பின்பலகையும் தனித்தனியாக ஏறி இறங்கி நகரும். லென்ஸ் மட்டும் ஒன்றே ஒன்று, குவியத்தூரம் 150 மி.மீ. இந்த அளவு ஃபிலிமில் உண்மையில் படம் விழும் இடம் 96×120 மி.மீ. தான், மூலைக்கு மூலை அளந்தால் ஏறக்குறைய 154, ஆகவே 150 என்பது இதற்குச் சாதாரண லென்ஸ், அகலமாகவும் காட்டாது, குறுகலாகவும் காட்டாது. கானாடுகாத்தானில் நான் எடுக்க நினைத்த வீட்டின் முகப்பிலிருந்து எதிர்ச்சுவர் வரை டேப் வைத்து அளந்தேன், 9 மீட்டர். முகப்பின் உயரம் தரையிலிருந்து உச்சிச் சுதைவேலை வரை சுமார் 11 மீட்டர். எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் 150-ல் கிடைப்பது 7.2 மீட்டர் உயரமும் 5.76 மீட்டர் அகலமும். நிலைக்கதவும் திண்ணையும் மேல்மாடிச் சாளரத்தில் பாதியும் வரும், அவ்வளவுதான்.

சரி, குவியத்தூரம் குறைந்த, அகலமாகக் காட்டும் லென்ஸ் வாங்க வேண்டும். இங்கேதான் நான் ஒரு முறை தவறினேன். 90 மி.மீ. போதும் என்று மனக்கணக்குப் போட்டு, விலை குறைவாகக் கிடைத்த ஒரு 90 மி.மீ. ஆங்குலான் எஃப் 6.8 வாங்கினேன். சூப்பர் ஆங்குலான் இல்லை, வெறும் ஆங்குலான். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் இரண்டும் வேறு வேறு வடிவமைப்பு. ஆங்குலான் சின்னது, எடையே தெரியாது, சட்டைப்பையில் போடலாம், அது ஃபிலிம் பக்கம் வீசும் ஒளிவட்டத்தின் விட்டம் 154 மி.மீ. அதாவது 4×5 ஃபிலிமை மூடுவதற்கு மட்டும் போதும், ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. மலைக்காட்சி எடுப்பவருக்கு அது நல்ல லென்ஸ். எனக்கு லென்ஸை 10 மி.மீ. உயர்த்தியதுமே வீட்டின் உச்சியில் இரண்டு மூலைகளும் கறுத்துவிட்டன.

ஏன் உயர்த்த வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் தூண்கள் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சாயும். ஃபிலிம் செங்குத்தாக நின்றால்தான் சுவரும் செங்குத்தாக விழும். அதனால் பின்பலகையைத் தூக்குக்குண்டு பிடித்தது போல நேராக நிறுத்திவிட்டு, லென்ஸ் இருக்கும் முன்பலகையை மட்டும் மேலே ஏற்ற வேண்டும். இதற்கு ரைஸ் என்று பெயர். லென்ஸ் வீசும் வட்டம் ஃபிலிமைவிடப் பெரிதாக இருந்தால்தான் இப்படி ஏற்ற இடம் கிடைக்கும். கட்டடம் எடுப்பவர் லென்ஸ் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது இந்த ஒளிவட்டத்தைத்தான், பார்வைக்கோணம் அதற்கு அப்புறம். இதை நான் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன், படிப்பவர்கள் அப்படித் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இரண்டாவது லென்ஸ் வாங்கும் முன் ஒரு அட்டை செய்தேன். கல்யாணப் பத்திரிகைப் பெட்டியின் கெட்டி அட்டையில் சரியாக 96×120 மி.மீ. சன்னல் வெட்டி, அட்டையில் ஒரு நூல் கட்டி, 65, 75, 90, 135 மி.மீ. தூரங்களில் முடிச்சுப் போட்டேன். முடிச்சைக் கண்ணுக்குக் கீழுள்ள எலும்பில் வைத்து, மற்ற கண்ணை மூடிக்கொண்டு சன்னல் வழியாகப் பார்த்தால் அந்த லென்ஸ் என்ன காட்டுமோ அதுவே தெரியும். அட்டையைச் செங்குத்தாகவே வைத்து மேலே நகர்த்தினால் ரைஸும் தெரியும். எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தினேனோ கேமராவிலும் அத்தனை மில்லிமீட்டர்தான் தேவைப்படும், வேறு கணக்கே வேண்டாம்.

முதல் நாள் அளந்ததும் வீட்டில் போட்ட கணக்கும் ஒத்துவரவில்லை. தெருவில் பார்த்தபோது 90-ல் எல்லாம் தாராளமாக அடங்கியது, காகிதத்தில் அடங்கவில்லை. ராத்திரி உட்கார்ந்து யோசித்த பிறகுதான் புரிந்தது. அட்டையை மேலே நகர்த்தும்போது நூல் சாய்கிறது, நூலின் நீளம் 90 தான், ஆனால் கண்ணிலிருந்து அட்டைக்கு உள்ள நேர்த்தூரம் குறைந்துவிடுகிறது. 35 மி.மீ. ஏற்றினால் 90 என்று நினைத்தது 83 ஆகிவிடும். அதனால் நூலை விட்டுவிட்டு, ஒரு அடி மரஸ்கேலில் 65, 75, 90 இடங்களில் ரம்பத்தால் கீறல் போட்டு, அட்டையை அந்தக் கீறலில் நிற்க வைத்தேன். அட்டையின் இரண்டு பக்கமும் ஐஸ்குச்சி ஒட்டித் தடம் அமைத்ததில், சன்னல் மட்டும் மேலும் கீழும் வழுக்கியது. ஒரு பக்கக் குச்சியில் மில்லிமீட்டர் கோடுகள். அரை மணி நேர வேலை.

இதைக் கண்ணருகே வைத்துக்கொண்டு நான் தெருவில் அங்கும் இங்கும் நகர்வதைப் பார்த்த பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையிலிருந்தே கேட்டார். "என்ன தம்பி, அட்டைய வச்சுக்கிட்டு வீட்டை அளக்குறீகளா?"

"ஆமா ஆச்சி, எவ்வளவு பெரிய கண்ணாடி வாங்கணும்னு பாக்குறேன்."

"உச்சியில கஜலட்சுமி இருக்கு, அதை விட்றாதீக. எங்க ஐயா காலத்துச் சுதை."

அந்தக் கஜலட்சுமிதான் கணக்கையே முடிவு செய்தது. 9 மீட்டர் தூரத்தில் 90 மி.மீ. லென்ஸ் ஒரு மீட்டரை ஃபிலிமில் 10 மி.மீ. ஆக்கும். கேமரா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிற்கிறது, ஆகவே அதற்கு மேலே இருப்பது 9.5 மீட்டர், ஃபிலிமில் 95 மி.மீ., கொஞ்சம் வானத்துக்கு 5 சேர்த்தால் 100. ஃபிலிமை நெட்டாக வைத்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு 60, எனவே 40 மி.மீ. ரைஸ் வேண்டும். லென்ஸின் நடுவுக்கு நேரான புள்ளியிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் மூலை பக்கவாட்டில் 48, உயரத்தில் 100. பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குத்தான்: 48-ஐயும் 100-ஐயும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 111. அதன் இரட்டிப்பு 222. ஒளிவட்டம் 222 மி.மீ. இருந்தால்தான் கஜலட்சுமி முழுதாக வருவார்.

இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியல்களைப் பார்த்தபோது குழப்பமெல்லாம் போய்விட்டது. எஃப் 22-ல், அதாவது லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கிய நிலையில், சூப்பர் ஆங்குலான் 90 எஃப் 8-க்கு 216, ஃபியூஜினான் எஸ்டபிள்யூ 90 எஃப் 8-க்கும் அதே 216. கிராண்டகான்-என் 90 எஃப் 6.8-க்கு 221, ஒரே ஒரு மில்லிமீட்டரில் தவறுகிறது. நிக்கான் செய்த நிக்கார் எஸ்டபிள்யூ 90 எஃப் 8-க்கு 235. சூப்பர் ஆங்குலானின் எஃப் 5.6 வகையும் 235 தான், ஆனால் அதன் முன்கண்ணாடி பெரிது, ஃபில்டர் அளவு 82 மி.மீ., நிக்காருக்கு 67 போதும். என்னிடம் ஏற்கெனவே 67-ல் ஆரஞ்சு ஃபில்டர் இருந்தது. இது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் 82-ல் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று புதிதாக மூன்று வாங்கினால் செலவு எங்கேயோ போகும்.

இன்னும் அகலமாக, 75 அல்லது 65 வாங்கினால் ரைஸ் குறைவாகத்தானே தேவைப்படும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. போட்டுப் பார்த்தேன். 65-ல் அதே வீட்டுக்கு அதே கணக்குப்படி 176 மி.மீ. வட்டம் வேண்டும், ஆனால் நிக்கார் 65 எஃப் 4-ம் சூப்பர் ஆங்குலான் 65 எஃப் 5.6-ம் 170 தான் தருகின்றன. அகலம் கூடக் கூட வட்டமும் சிறுத்துக்கொண்டே போகிறது. 75-ல் 194 வேண்டும், நிக்கார் 75 எஃப் 4.5 தருவது 200, அது தாங்கும். ஆக இந்தத் தெருவுக்கு 90-ல் பெரிய வட்டம் அல்லது 75, இந்த இரண்டில் ஒன்று. 75-ல் எடுத்தால் வீடு ஃபிலிமில் சின்னதாக விழும், எதிரே மின்கம்பமும் இரண்டு பக்கத்து வீடுகளின் சுவரும் கூடவே வரும். எனக்கு முகப்பின் நடுப்பகுதி பெரிதாக வேண்டும், சுதையில் விரல் நகம் வரை தெரிய வேண்டும். நிக்கார் 90 என்று முடிவு செய்தேன்.

எஃப் 8 பற்றி ஒரு தயக்கம் இருந்தது. எஃப் 5.6 லென்ஸைவிட ஒரு ஸ்டாப் இருட்டு, அதாவது வெளிச்சம் பாதி, கேமராவின் பின்னால் படம் விழுந்து தெரியும் தேய்த்த கண்ணாடியில், கிரவுண்ட் கிளாஸில், ஃபோகஸ் செய்யும்போது அது தெரியும். வீட்டுக்குள்ளே, இரண்டாங்கட்டில் எடுக்கிறவர் தினமும் இதே வேலையாக இருந்தால் எஃப் 5.6 வாங்குவதே நல்லது. எனக்குப் பாதிக்கு மேல் வெயிலில் வேலை, சுமையும் நானே தூக்க வேண்டும். நிக்கான் பெரிய ஃபார்மட் லென்ஸ் செய்வதை 2006-லேயே நிறுத்திவிட்டது, எனவே கிடைப்பதெல்லாம் பழையதுதான். வாங்கும்போது விற்பவரிடம் கண்ணாடியின் ஓரத்தில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பார்க்கச் சொன்னேன், ஷட்டரை ஒரு நொடியில் வைத்து இயக்கி அந்த ஓசையைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். ஒலிப்பதிவில் திறக்கும் ஓசைக்கும் மூடும் ஓசைக்கும் இடைவெளி 1.2 நொடி. இவ்வளவு வயதான ஷட்டருக்கு இது நல்ல நிலைதான்.

லென்ஸ் வந்தது, மாட்டினேன், லென்ஸ் ஏறவில்லை. இது இரண்டாவது பாடம். 90 மி.மீ. லென்ஸில் தொலைவுக்கு ஃபோகஸ் வைத்தால் முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே பத்து செ.மீ. கூட இருக்காது. இரண்டு பலகைகளையும் இணைக்கும் துருத்தி, அதாவது நீளமான மடிப்பு பெல்லோஸ், அந்த இடத்தில் அழுந்தி ஒரு புத்தகம் மாதிரி இறுகிவிடுகிறது, முன்பலகையை ஏற்றினால் அது திரும்ப இழுக்கிறது. 12 மி.மீ. ஏறியதும் நின்றுவிட்டது, மேலே தள்ளினால் பின்பலகையே சாய்கிறது. வட்டம் 235 இருந்து என்ன பயன்? இதற்கு மடிப்பில்லாத, பை மாதிரித் தொளதொளவென்று இருக்கும் பெல்லோஸ் வேண்டும். என் கேமராவுக்கு ஏற்றது கிடைக்கவில்லை, அதனால் தைத்துக்கொண்டேன்.

கிழிந்துபோன பழைய பெல்லோஸ் ஒன்று வைத்திருந்தேன், அதன் இரண்டு முனைச் சட்டங்களையும் பிரித்தெடுத்தேன். வெளிப்பக்கத்துக்குக் கறுப்பு ரெக்சின், உள்பக்கத்துக்குக் கறுப்புப் பருத்தித் துணி. ரெக்சின் மட்டும் போதாதா என்று தெருமுனைத் தையல் அண்ணன் கேட்டார். போதாது, உள்ளே பளபளப்பு இருந்தால் வெயிலில் வானத்தின் வெளிச்சம் பையின் சுவரில் பட்டு ஃபிலிம் முழுக்கப் பனிமூட்டம் போலப் படியும். நான்கு துண்டுகள், ஒவ்வொன்றும் 25 செ.மீ. நீளம், தையலுக்கு ஒன்றரை செ.மீ. விட்டு வெட்டினோம். அண்ணன் ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போட்டார், கால் மணி நேரத்தில் முடிந்தது. சட்டத்தில் ஒட்டியது செருப்புக்கடைப் பசையால், ஒரு ராத்திரி முழுக்கச் செங்கல்லை மேலே வைத்து அழுத்தி.

மறுநாள் ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பைக்குள் விட்டு இரண்டு முனையையும் மூடிப் பார்த்தேன். தையல் ஓடிய வழியெல்லாம் ஊசித்துளைகள் வரிசையாக மின்னின, திருவிழாச் சரவிளக்கு மாதிரி. இரட்டைத் தையல் என்பதால் துளையும் இரண்டு வரிசை. துணிக்கு அடிக்கும் கறுப்பு வண்ணத்தில் கொஞ்சம் பசை கலந்து தையலின் உள்பக்கம் இரண்டு முறை தடவினேன், காய்ந்ததும் மறுபடி பார்த்தேன், ஒரு மூலையில் மட்டும் ஒரு புள்ளி. அதையும் அடைத்தேன். மாட்டியதும் முன்பலகை 40-ஐத் தாண்டி ஏறியது, கைக்கு எந்தத் தடையும் தெரியவில்லை. அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை.

படம் எடுத்தது மாசி மாதம் ஒரு காலை. கிழக்குப் பார்த்த முகப்பு, ஏழரை மணிக்கு வெயில் சாய்ந்து விழுந்ததில் சுதையின் ஒவ்வொரு விளிம்பும் எழுந்து நின்றது. முக்காலியை எதிர்ச்சுவரோடு ஒட்டி வைத்து, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டைப் பின்பலகை அருகே தொங்கவிட்டுச் சரிபார்த்தேன். கேமராவில் இருக்கும் ரசமட்டம் பழையது, அதை மட்டும் நம்பி முன்பு இரண்டு ஃபிலிம் வீணாகியிருக்கிறது.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் வீடு தலைகீழாக நின்றது. வீட்டின் தலை கண்ணாடியின் கீழ்ப்பக்கம் இருக்கும், ஆகவே ரைஸ் அதிகமானால் இருள்வது கண்ணாடியின் கீழ் மூலைகள்தான். என் கிரவுண்ட் கிளாஸின் நான்கு மூலைகளும் சிறிது வெட்டப்பட்டிருக்கும், அந்த இடைவெளி எதற்கு என்று பல பேருக்குத் தெரிவதில்லை. உட்கார்ந்து, கீழ் மூலையில் கண்ணை வைத்து, அந்த இடைவெளி வழியாக லென்ஸைப் பார்க்க வேண்டும். துவாரம் முழுதாகத் திறந்திருக்கும்போது அது எனக்கு எலுமிச்சை மாதிரி இரண்டு பக்கமும் கூம்பித் தெரிந்தது, அதாவது லென்ஸின் விளிம்பு அதை வெட்டுகிறது. எஃப் 11, 16 என்று மூடிக்கொண்டே வந்தேன். எஃப் 22-ல் வெட்டு போய் துவாரம் முழு உருவத்தோடு தெரிந்தது. அந்த மூலைக்கு வெளிச்சம் போகிறது என்று அர்த்தம். இந்த ஒரு சோதனை போதும்.

அப்படிப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. அவ்வளவு சாய்வான இடத்திலிருந்து பார்த்தும் துவாரம் நான் நினைத்த அளவுக்குச் சிறுக்கவில்லை. இந்த வகை லென்ஸ்களில் முன்னும் பின்னும் குமிழ் மாதிரி புடைத்த பெரிய கண்ணாடிகள் இருப்பது இதற்காகத்தான். 1940-களில் சோவியத் நாட்டில் மிகயீல் ருசினோவ் இந்த அமைப்பைக் கொண்டுவந்தார். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போதும் துவாரம் பெரிதாகத் தெரிவதால் ஓரங்களுக்குப் போகும் வெளிச்சம் கூடுகிறது. கூடினாலும் முழுதாகச் சரியாகிவிடாது.

இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் கறுப்பு-வெள்ளை ஃபிலிம், அதன் ஐஎஸ்ஓ 125 வேகத்தை 80 என்று வைத்துக்கொண்டு, ஆரஞ்சு ஃபில்டருக்கு இரண்டு ஸ்டாப் சேர்த்து, எஃப் 22-ல் எட்டில் ஒரு நொடி. இரண்டு ஃபிலிம் எடுத்தேன். வீட்டில் கழுவிப் பார்த்தால் முதல் ஃபிலிமில் வீட்டின் உச்சிக்கு மேலே ஒரு மங்கலான வளைவு, அது லென்ஸ் வட்டத்தின் விளிம்பு அல்ல. கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேமராவைத் திரும்ப அதே நிலையில் நிறுத்தி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோது தெரிந்தது, பையின் கீழ்ப்பகுதி தொங்காமல் உள்பக்கம் குவிந்து ஒளி போகும் வழியில் நிற்கிறது. பைக்கு வெளியே நான்கு பக்கமும் சின்னத் துணிக்காது ஒவ்வொன்று தைத்து, ரெயிலோடு ரப்பர்பேண்டு போட்டு வெளியே இழுத்துக் கட்டுவதே இப்போது என் வழக்கம்.

இரண்டாவது ஃபிலிம் நன்றாக இருந்தது. கஜலட்சுமி இருந்தார், இரண்டு யானைகளின் துதிக்கையும் கலசமும் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தெளிவாக இருந்தன. ஆனால் அதற்குக் கீழே, மேல்மாடிக் கொடுங்கையின் நிழல், அங்கே ஃபிலிம் கிட்டத்தட்ட வெறும் கண்ணாடிபோல இருந்தது. லென்ஸின் நடுவிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கும் இடத்துக்கு நடுவைவிட ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் குறையும். வானத்தில் அது அழகு, ஆரஞ்சு ஃபில்டரோடு சேர்ந்து மேலே போகப் போக ஆழமாகிறது. நிழலில் அது நஷ்டம். பிரிண்ட் போடும்போது வெளிச்சத்தை மறைத்து எவ்வளவு திறந்தாலும் ஃபிலிமில் பதியாதது வராது. இதற்கென்று நடுவில் அடர்ந்து ஓரத்தில் தெளிந்த சென்டர் ஃபில்டர் இருக்கிறது, லென்ஸோடேயே ஏறி இறங்குவதால் ரைஸ் போட்டாலும் சரியாக வேலை செய்யும், ஆனால் விலை ஒரு லென்ஸ் விலை. கலர் ஸ்லைடு எடுப்பவருக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன். கறுப்பு-வெள்ளைக்கு நான் செய்வது, ரைஸ் 30-ஐத் தாண்டினால் ஒரு ஸ்டாப் கூடக் கொடுப்பது. அடுத்த வாரம் போய்க் கால் நொடியில் எடுத்தேன், கொடுங்கைக்கு அடியில் மரக்கட்டைகள் வரிசையாக வந்தன.

உள்ளே வளவில் எடுத்தபோது நண்பர் ஒருவரின் 75-ஐயும் இரவல் வாங்கிப் போனேன். வளவின் நடு முற்றத்தில் வெளிச்சம் கொட்டுகிறது, சுற்றிலும் தாழ்வாரம் இருட்டு, அந்தத் தாழ்வாரத்து மூலையில்தான் கேமரா நிற்க முடியும். 75-ல் நாலு பக்கத் தாழ்வாரமும் அடங்கியது, மனம் குளிர்ந்தது. பிறகு கிரவுண்ட் கிளாஸில் ஓரத்துத் தூணைப் பார்த்தேன். பர்மாத் தேக்கில் கடைந்த உருண்டைத் தூண், ஓரத்தில் விழுந்த தூண் நடுவில் இருப்பதைவிடத் தடித்து நின்றது. இது லென்ஸின் பிழை இல்லை, தட்டையான ஃபிலிமில் இவ்வளவு அகலத்தை விரித்தால் உருண்டையான எதுவும் ஓரத்தில் இழுபடும். தட்டைச் சுவர் இழுபடாது, தூணும் சிலையும் மனித முகமும் இழுபடும். அந்தத் தூண்களைக் கடைந்தவர் ஒரே அளவாகக் கடைந்திருக்கிறார், அதை நான் ஒல்லியும் பருமனுமாகக் காட்ட விரும்பவில்லை. 90-ஐ மாட்டி, ஒரு பக்கத் தாழ்வாரத்தை விட்டுவிட்டு, லென்ஸை 15 மி.மீ. இறக்கி ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைக் கூடுதலாக எடுத்தேன். ஒளிமீட்டர் 15 நொடி காட்டியது, இந்த ஃபிலிமுக்கு நீண்ட நேரங்களில் வேகம் குறைவதால் 30 நொடி கொடுத்தேன்.

முகப்புக்கு இன்னொரு வழியும் பின்னால் கிடைத்தது. எதிர்ச்சுவருக்குப் பின்னாலிருந்த வீட்டுக்காரர் சுவரோரத்து மொட்டைமாடியில் நிற்க அனுமதித்தார். லென்ஸ் இப்போது தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில், தூரம் கொஞ்சம் கூடி 10 மீட்டர். அட்டையை வைத்துப் பார்த்தேன், 5 மி.மீ. ரைஸ் போதும், அந்தப் பழைய ஆங்குலானைத் தவிர எந்த 90-ம் இதற்குத் தாங்கும். யானைகளின் வயிறு தெரியாமல் முகம் தெரிந்தது, கஜலட்சுமியின் கண் நேராக இருந்தது. இரண்டு பிரிண்டையும் ஆச்சியிடம் காட்டினேன். மாடியிலிருந்து எடுத்ததைச் சட்டம் போட எடுத்துக்கொண்டார், தெருவிலிருந்து எடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டு, "இதுல திண்ணை நல்லா இருக்கு தம்பி, இது ஒங்களுக்கு" என்றார்.

அடுத்து எடுக்க இருப்பது அந்த வீட்டின் பின்வாசல், அது அடுத்த தெருவில் திறக்கிறது. அங்கே அளந்ததில் எதிர்ச்சுவருக்கு 6 மீட்டர்தான். அட்டையில் 75-ன் கீறல் போதுமானதாகத் தெரிகிறது, 90-ல் விளிம்பு இடிக்கிறது. நண்பரின் 75-ஐ இன்னொரு முறை கேட்டிருக்கிறேன்.